சைலன்சரில் வடியும் நீர்: பழைய கார் வைத்திருப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பிரச்சினையைப் பற்றியவையாக இருப்பதால், கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பழைய காரின் சைலன்சரிலிருந்து நீர் வருவது எப்போது இயல்பு, எப்போது கோளாறு என்பதைப் பெரிய செலவில் இறங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும் என்பதால், சில பதில்கள் நீளமாகவே அமைந்துள்ளன.

கேள்வி: என்னிடம் 20 ஆண்டுகளுக்கும் மேலான பெட்ரோல் கார் ஒன்று உள்ளது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சர் முனையிலிருந்து நீர் சொட்டுகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் தெறிக்கவும் செய்கிறது. கூடவே வெண்புகையும் வருகிறது. சிறிது தூரம் ஓட்டிய பிறகு இரண்டும் நின்றுவிடுகின்றன. வெப்பம் காட்டும் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. ஆனால் மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம்" என்கிறார். கழற்றச் சொல்லலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டில் கைவைக்க அனுமதிக்காதீர்கள். நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளில், ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள சிலிண்டர் பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கத்தக்க அறிகுறி ஒன்றுகூட இல்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கிச் சூடானதும் நின்றுவிடும் நீர், பெட்ரோல் எரிந்ததால் உண்டான நீர்தான்.

பெட்ரோல் என்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களின் கலவை. அது எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகவும், ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராகவும் மாறுகின்றன. பெட்ரோலில் உள்ள சேர்மங்களில் ஒன்றான ஆக்டேனை எடுத்துக்கொண்டால், அதில் 114 கிராம் முழுமையாக எரிந்தால் 162 கிராம் நீர் உண்டாகிறது. எரிந்த பொருளின் எடையைக் காட்டிலும் பிறந்த நீரின் எடை அதிகம். பெட்ரோல் முழுவதற்குமாகக் கணக்கிட்டால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் எந்த நல்ல காரும், ஒவ்வொரு 15 கிலோமீட்டருக்கும் ஒரு லிட்டர் அளவு நீரைப் பின்புறமாக வெளியேற்றிக்கொண்டேதான் போகிறது. அது ஆவியாகப் போவதால் நம் கண்ணில் படுவதில்லை.

அந்த ஆவி குழாய்க்கு உள்ளேயே நீராக மாறிவிடும்போதுதான் நமக்குக் கவலை பிறக்கிறது. பெட்ரோல் இன்ஜின் புகையில் கலந்திருக்கும் நீராவி, ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் நீர்த்துளியாகிவிடும். இரவு முழுவதும் நின்றிருந்த காரின் எக்ஸாஸ்ட் குழாயும் சைலன்சரும் அதைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும் என்பதால், கொதிக்கும் பாத்திரத்தின் மூடியில் நீர் கோத்துக்கொள்வதைப் போல, ஆவி அந்த இரும்பின் உட்புறத்தில் படிந்து வடிகிறது. இன்ஜினுக்கு அருகிலுள்ள பகுதி ஓரிரு நிமிடங்களில் சூடாகிவிடும். காரின் வாலில் இருக்கும் சைலன்சர் பெட்டி சூடாவதற்கு நெடுநேரம் ஆகும். அதனால்தான் நீர் எப்போதும் கடைசிப் பெட்டியில் தேங்கி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது புகையின் வேகத்தில் தெறிக்கிறது. முந்தைய நாள் குறுகிய தூரம் மட்டும் ஓட்டி நிறுத்தியிருந்தால், அன்று தேங்கிய நீரும் மறுநாள் காலை நீரோடு சேர்ந்து வரும். குளிரும் ஈரப்பதமும் மிகுந்த காலத்தில் அளவு இன்னும் கூடும்.

எக்ஸாஸ்ட் குழாயில் புகையின் மாசைக் குறைக்கும் காடலிட்டிக் கன்வெர்ட்டர்தான் நீரை உண்டாக்குகிறது என்று சிலர் நம்புகிறார்கள். எரியாமல் தப்பிவந்த எரிபொருளை அது எரிக்கும்போது சிறிதளவு நீர் உண்டாவது உண்மைதான். ஆயினும் நீங்கள் காணும் நீரில் மிகப் பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே பிறந்தது. கன்வெர்ட்டரே இல்லாத மிகப் பழைய காரிலும் காலையில் நீர் சொட்டத்தான் செய்யும்.

ஆகவே நீர் வருகிறதா என்பதை விட்டுவிட்டு, இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். முதலாவது, நேரம். 20 நிமிடமோ அரை மணி நேரமோ நல்ல வேகத்தில் ஓட்டிய பிறகு, வண்டியை நிறுத்திப் பின்னால் போய்ப் பாருங்கள். அப்போது முனை உலர்ந்திருந்து புகையும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் அச்சமில்லை. மிகக் குளிர்ந்த சூழலில் மெல்லிய ஆவி தொடரக்கூடும் என்றாலும், அது குழாயை விட்டு வெளிவந்த சிறிது தூரத்திலேயே காற்றில் கரைந்துவிடும். இரண்டாவது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கணக்கு. இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் ரேடியேட்டரைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதுங்கள். சில வாரங்கள் கழித்தும், அதேபோல் குளிர்ந்த நிலையில் பார்க்கும்போது மட்டம் அந்தக் கோட்டிலேயே நின்றால், உங்கள் இன்ஜின் ஒரு சொட்டுக் கூலன்ட்டைக்கூட எரிக்கவில்லை என்று பொருள். இந்தக் கோடு சொல்வதைப் பொய்யாக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது. ஹெட்டைக் கழற்றும் யோசனையைச் சொன்னவரிடமும் இந்தக் கோட்டைத்தான் காட்ட வேண்டும்.

மேலும் ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். சைலன்சர் முனைக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துச் சொட்டும் நீரை அதில் வாங்கி, நிழலில் உலரவிடுங்கள். எரிதலில் பிறந்த நீர் உலர்ந்த பிறகு, துணியில் சாம்பல் நிறப் புள்ளிகளும் துருப் பொடியும் மட்டுமே எஞ்சும். தொட்டால் துணி துணியாகவே இருக்கும். கூலன்ட் கலந்திருந்தால் அந்த இடம் எளிதில் உலராமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். சில வேளை கூலன்ட்டின் பச்சையோ சிவப்போ இளஞ்சாயமாகத் தெரியும். இனிப்பான வாடையும் இருக்கும். எக்காரணம் கொண்டும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. நாய்களும் பூனைகளும் அதை நக்கி உயிரிழப்பதுண்டு என்பதால், தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

இங்கே பழைய கார்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டும் வண்டியில் நிறமும் இருக்காது, இனிப்பு வாடையும் இருக்காது. அத்தகைய வண்டியில் துணிச் சோதனையை நம்பக் கூடாது. மட்டக் கோடு ஒன்றுதான் சாட்சி.

கேள்வி: என் காரில் வாரம் ஒருமுறை கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்பதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடிகள் இன்ஜின் குலுங்கிக்கொண்டு ஓடி, பிறகு சரியாகிறது. இது ஹெட் கேஸ்கெட்தானா?

பதில்: முந்தைய வாசகருக்குச் சொன்ன ஆறுதலை உங்களுக்குச் சொல்ல இயலாது. கூலன்ட் குறைகிறது, தரையில் சிந்தவில்லை, சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது என்ற சந்தேகம் வலுவாகவே இருக்கிறது. அந்தக் காலை நேரக் குலுக்கலை நான் இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். சூடான இன்ஜினை நிறுத்தியதும் சிலிண்டருக்குள் அழுத்தம் போய்விடும். ஆனால் ரேடியேட்டர் பக்கத்தில் ஏறத்தாழ 1 பார் அளவு அழுத்தம் நெடுநேரம் நிலைத்திருக்கும். கேஸ்கெட்டிலோ ஹெட்டிலோ மெல்லிய வழி ஒன்று இருந்தால், அந்த அழுத்தம் இரவில் கூலன்ட்டைச் சிறிது சிறிதாகச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். மறுநாள் காலை அந்தச் சிலிண்டர் நனைந்த ஸ்பார்க் பிளக்கோடு மிஸ் அடித்து, தேங்கியதை வெண்புகையாக வெளியே தள்ளிய பிறகே ஒழுங்காக ஓடும். இயல்பான காலை நீர் ஒருபோதும் இன்ஜினைக் குலுக்குவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை எல்லா வாசகர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே முதலில் ஓர் எச்சரிக்கை. ஒரு நாள் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கி "டொக்" என்று நின்றுவிட்டால், மறுபடியும் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டரில் தேங்கிய நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. வலிந்து சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதன்பின் பழுது ஹெட்டோடு நிற்காது. எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, இக்னிஷனையும் எரிபொருளையும் துண்டித்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றவிட்டால் எந்தத் துளையிலிருந்து நீர் பீறிடுகிறது என்பது தெரியும். அதுவே குற்றவாளிச் சிலிண்டர்.

அந்த நிலை வருவதற்கு முன்பே சோதித்துவிடுவது நல்லது. முதலில் ரேடியேட்டர் மூடியையும் வெளிக் கசிவுகளையும் பாருங்கள், ஏனெனில் கூலன்ட் காணாமற்போக வேறு வழிகளும் உண்டு. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் ஓடும்போது ஆவியாக வெளியேறிவிடும். வாட்டர் பம்பின் கீழுள்ள சிறு துளையில் கசிவது சூடான இன்ஜின்மீது பட்டுத் தரைக்கு வருவதற்குள் உலர்ந்துவிடும். டேஷ்போர்டுக்கு அடியிலிருக்கும் ஹீட்டர் ரேடியேட்டர் கசிந்தால் காலடி விரிப்பு நனைந்திருக்கும், கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் போன்ற மங்கல் தெரியும்.

இவை சரியாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினின் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு போன்ற அழுத்தச் சோதனைக் கருவியைப் பொருத்தி, மூடியில் குறிக்கப்பட்டுள்ள அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். பெரும்பாலான மூடிகளில் 0.9 அல்லது 1.1 பார் என்றோ, 13 அல்லது 16 பிஎஸ்ஐ என்றோ குறித்திருப்பார்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஹோஸும் பிய்ந்துவிடும். கால் மணி நேரத்தில் முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால், கூலன்ட் உள்ளேதான் போகிறது. உங்கள் வண்டியில் கசிவு இரவில் நிகழ்வதாகத் தோன்றுவதால், கால் மணி நேரத்தோடு திருப்தியடையாமல் அழுத்தத்தை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவைத்து, காலையில் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பிளக்குகளையே வரிசையாக ஒரு காகிதத்தின்மீது வைத்துப் பார்த்தாலும் ஒன்று புரியும். மற்றவற்றின் முனை வெளிர் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததைப் போல வெளுத்திருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் நீராவி கரியை உரித்தெடுத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் அதன் முடிவை வண்டியின் உரிமையாளரே கண்ணால் காண முடியும். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயின்மீது பொருத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி, கூலன்ட்டுக்கு மேலே நிற்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். சிலிண்டரிலிருந்து புகை கூலன்ட்டில் கலந்துகொண்டிருந்தால், அதிலுள்ள கரியமில வாயு பட்டு நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகிவிடும். சோதனையைத் தொடங்கும் முன் ரேடியேட்டரில் மட்டத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். கூலன்ட் திரவத்தில் ஏறிவிட்டால் முடிவு செல்லாது. நிறம் மாறினால் ஐயமே வேண்டாம். ஆனால் நிறம் மாறவில்லை என்பதாலேயே கேஸ்கெட் நல்லது என்று தீர்மானித்துவிடவும் கூடாது. கூலன்ட் உள்ளே போகுமே தவிரப் புகை வெளியே வராத சிறு கசிவுகள் உண்டு.

சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்டில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் தாழ்ந்து காட்டினால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் அறுந்திருக்கும். எனினும் நீர் மட்டும் கசியும் சிறு பழுதில் கம்ப்ரெஷன் ஒழுங்காகவே இருக்கக்கூடும். அந்நிலையில், பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, ரேடியேட்டரில் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதே மேலானது.

கடைசியாக, நீங்கள் கேட்ட "கேஸ்கெட்தானா?" என்ற கேள்விக்கு வருகிறேன். கேஸ்கெட்டாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அதுவாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன்பு ஒருமுறை இன்ஜின் அதிகமாகச் சூடேறியிருந்தால் அலுமினிய ஹெட்டிலேயே விரிசல் இருக்கலாம். சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்ட் வழியாகக் கூலன்ட்டும் செல்லும் அமைப்புள்ள பழைய இன்ஜின்களில், அந்த மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். அதை மாற்றுவதற்கு ஹெட்டைக் கழற்றவே தேவையில்லை. நீரால் குளிர்விக்கப்படும் டர்போவின் உடலில் விரிசல் விட்டிருந்தாலும், டீசல் வண்டிகளில் இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கசிந்தாலும், கூலன்ட் சிலிண்டரைத் தொடாமலேயே எக்ஸாஸ்டுக்கு வந்துவிடும். இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே ஹெட்டுக்கு வர வேண்டும்.

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் மூன்று விஷயங்களை வற்புறுத்துங்கள். ஹெட்டின் அடிப்பரப்பு சமமாக இருக்கிறதா என்பதை நேர்விளிம்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் கொண்டு அளந்து, கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும்; விரிசல் சோதனையும் செய்ய வேண்டும்; ஒருமுறை முறுக்கியதும் நீண்டுவிடும் வகைப் போல்ட்டுகளாக இருந்தால் புதியவற்றையே போட வேண்டும். இவற்றோடு, கேஸ்கெட் ஏன் போனது என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டும். ரேடியேட்டர் அடைப்பும், சுற்றாத மின்விசிறியும் அப்படியே இருக்கப் புதிய கேஸ்கெட் மட்டும் போட்டால், அதுவும் நெடுநாள் தாங்காது.

கேள்வி: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் வெளிர் நிறப் பசை படிந்திருக்கிறது. சைலன்சரிலும் நீர் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பதில்: ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள ஆயில் தெளிவாகவும், மட்டம் ஏறாமலும், கூலன்ட் குறையாமலும் இருந்தால், மூடியில் உள்ள பசை குறுகிய தூர ஓட்டத்தின் விளைவே. சைலன்சரில் நீர் கோப்பதற்குக் காரணமான அதே ஈரம்தான் இன்ஜினின் குளிர்ந்த மேல்மூடியிலும் படிந்து ஆயில் ஆவியோடு கலந்து பசையாகிறது. ஒரு நீண்ட பயணத்துக்குப் பிறகு பெரும்பாலும் மறைந்துவிடும். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் கலங்கி வெளிர் பழுப்புக் குழம்பாக இருந்தாலோ, மட்டம் தானாக உயர்ந்திருந்தாலோ, வண்டியை இயக்காதீர்கள். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளை விரைவில் தின்றுவிடும்.

உங்கள் வண்டியில், இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். சூடேறும் பிரச்சினைக்குத் தீர்வு என்று எண்ணி அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பழைய கார்களில் இன்னும் இருக்கிறது. இது மிகத் தவறான வழக்கம். 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும்படி அமைந்த தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் தன் இயல்பான சூட்டை எட்ட நெடுநேரம் ஆகும், அல்லது எட்டவே எட்டாது. ஆயிலில் ஈரம் தங்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சைலன்சரில் நீரும் அதிகமாகும். வெப்ப முள் எப்போதும் தாழ்ந்தே நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய டீசல் கார். காலையில் வரும் வெண்புகை கண்ணை எரிக்கிறது. இதுவும் நீர்தானா?

பதில்: அல்ல. நீராவி கண்ணை எரிக்காது. நீங்கள் காண்பது எரியாமல் வெளியேறும் டீசல் துளிகள். ஹீட்டர் பிளக்குகளில் ஒன்றோ இரண்டோ வேலை செய்யாமலிருப்பது இதற்கு முதற்காரணம். அவை நல்ல நிலையில் இருந்தால், ஒழுகும் இன்ஜெக்டர், பிந்திப்போன பம்பு டைமிங், தேய்ந்த இன்ஜினின் குறைந்த கம்ப்ரெஷன் என்ற வரிசையில் பாருங்கள். ஓடிச் சூடான பிறகு புகை முற்றிலும் நின்றால் ஹீட்டர் பிளக்கின் மீதே சந்தேகம் வலுக்கிறது.

வெண்புகைக்குப் பெட்ரோல் வண்டிகளில் அரிதான வேறொரு காரணமும் உண்டு. பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் கசிந்தால், பிரேக் பூஸ்டரின் வெற்றிடக் குழாய் அந்தத் திரவத்தை உறிஞ்சி இன்ஜினுக்குள் அனுப்பிவிடும். வெண்புகையோடு பிரேக் திரவத்தின் மட்டமும் இறங்கினால், அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

கேள்வி: சைலன்சரிலிருந்து தெறிக்கும் நீர் கறுப்பாக இருக்கிறது, பின்னாலுள்ள சுவரே கறுத்துவிட்டது. கார்புரேட்டர் வண்டி.

பதில்: குழாயில் ஏற்கெனவே படிந்திருக்கும் கரியை நீர் கழுவிக்கொண்டு வருவதால் சற்றுக் கறுப்பாக இருப்பது இயல்பே. ஆனால் சுவர் கறுக்கும் அளவுக்கு வருவது, பெட்ரோல் கலவை தேவைக்கு மேல் அடர்த்தியாக இருப்பதைக் காட்டுகிறது. கார்புரேட்டர் வண்டிகளில், குளிர்ந்த இன்ஜினுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக் முழுவதுமாகத் திரும்பாமல் பாதியில் நிற்பது பெரும்பாலும் காரணமாக அமைகிறது. இன்ஜின் சூடான பின் ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சோக் தகடு நேராக நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். நிமிராமல் சாய்ந்திருந்தால் கேபிளையோ அதன் வெப்பச் சுருளையோ சரிசெய்ய வேண்டும். தகடு சரியாக இருந்தால் மிதவையின் மட்டமும் ஊசி வால்வும் அடுத்தவை. அடைத்துப்போன ஏர் ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும். கறுப்பு நீர் விரலில் தேய்த்தால் பொடியாக உதிராமல் எண்ணெயாக வழுக்கினால், பிரச்சினை பெட்ரோலில் இல்லை. இன்ஜின் ஆயில் எரிகிறது.

கேள்வி: சைலன்சர் பெட்டியின் அடியில் ஒரு சிறிய துளையிலிருந்து நீர் சொட்டுகிறது. வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமா? வண்டியை அதிகம் எடுப்பதில்லை. தினமும் 10 நிமிடம் ஷெட்டிலேயே ஓடவிடுகிறேன்.

பதில்: முதலில் அந்தத் துளையை நன்றாகப் பாருங்கள். விளிம்பு வட்டமாகவும் சுத்தமாகவும், சில மில்லிமீட்டர் விட்டத்தில், பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருந்தால், தேங்கும் நீர் வடிவதற்காகத் தயாரிப்பாளரே வைத்த துளை அது. அடைக்கக் கூடாது, துருவால் அடைபட்டால் மெல்லிய கம்பியால் திறந்துவிடவும் வேண்டும். விளிம்பு ஒழுங்கற்று, சுற்றிலும் துரு செதில் செதிலாக உரிந்து, விரலால் அழுத்தினால் தகடு நொறுங்கினால், அது அரிப்பு. அதன்மீது வெல்டிங் நிற்காது. பெட்டியையே மாற்ற வேண்டும்.

அது அரிப்பாக இருந்தால், அதற்குக் காரணம் நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்துவரும் பத்து நிமிட ஓட்டம்தான் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஐட்லிங்கில் இருக்கும் இன்ஜின் குறைந்த சூட்டையே அனுப்புவதால், பின்புறப் பெட்டி உலரும் நிலையை எட்டுவதே இல்லை. நீர் மட்டும் நாள்தோறும் சேர்கிறது. எரிபொருளிலுள்ள கந்தகத்தாலும், எரிதலில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளாலும் அந்த நீர் அமிலத்தன்மை அடைந்து, பெட்டியை உள்ளிருந்து வெளியாக அரிக்கிறது. தினமும் ஓடவிடுவதற்குப் பதிலாக, வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டி, இன்ஜினும் சைலன்சரும் முழுச் சூட்டை எட்டிய பிறகு நிறுத்துங்கள். அது இயலாத வாரத்தில் ஸ்டார்ட் செய்யாமலேயே விட்டுவிடுவது நல்லது.

ஷெட்டுக்குள் ஓடவிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிரைப் பறித்துவிடும், கதவு திறந்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. குளிர்ந்த இன்ஜினில், அதுவும் பழைய வண்டியில், அதன் அளவு இன்னும் அதிகம்.

கேள்வி: ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவை அடைத்துவிடும் என்று விற்கப்படும் திரவத்தை ஊற்றலாமா?

பதில்: வண்டியை நெடுநாள் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் ஊற்றாதீர்கள். கசியும் வழியை அடைக்கும் பொருளுக்கு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் ரேடியேட்டரையும் அடைக்கக் கூடாது என்று தெரியாது. கேஸ்கெட் கசிவு சில நாள்கள் அடங்கினாலும், பிறகு அடைபட்ட ரேடியேட்டரால் இன்ஜின் சூடேறி ஹெட்டே வளைந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

கேள்வி: ஹெட் கேஸ்கெட் மாற்றி வண்டியை எடுத்துவந்தேன். இன்னும் வெண்புகையும் நீரும் வருகின்றன. வேலை சரியாகச் செய்யப்படவில்லையா?

பதில்: உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். பழுதான நாள்களில் உள்ளே போன கூலன்ட் சைலன்சர் பெட்டிகளிலும் கன்வெர்ட்டரிலும் ஊறிக் கிடக்கும். கிளைக்கால் எளிதில் ஆவியாவதில்லை என்பதால், நல்ல சூட்டில் ஒன்றிரண்டு நீண்ட ஓட்டங்கள் ஓடிய பிறகே அது முற்றிலும் வெளியேறும். அதேபோல், புதிதாகக் கூலன்ட் நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவதால் முதல் சில நாள்கள் மட்டம் சற்று இறங்குவதும் இயல்பே. தினமும் இன்ஜின் குளிர்ந்தபின் பார்த்து, குறிப்பிட்ட அளவுக்கு நிரப்பி வாருங்கள். சூடான நிலையில் மூடியைத் திறக்கவே கூடாது. 1 பார் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும் நீர், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

மட்டம் ஓரிடத்தில் நிலைத்து, புகையும் நாளுக்கு நாள் குறைந்துவந்தால் வேலை சரியாகவே நடந்திருக்கிறது. மாறாக, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டர் அழுத்தம் இன்னும் கூலன்ட்டில் கலக்கிறது என்று பொருள்; வண்டியை மீண்டும் கொண்டுபோய், நீலத் திரவச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். கேஸ்கெட் மாற்றியபோது இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். மாற்றாமல் விட்டிருந்தால், அடுத்த ஓட்டத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.